ஏற்காட்டில் ஒரு மாணவி கேட்ட கேள்வி



இது கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர்டு வாத்தியார் வேறு எப்படி எழுதுவார் என்று சிரிக்காமல், ஒரு டம்ளர் காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். போகிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

1988 டிசம்பர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்காட்டுக்குச் சுற்றுலா கூட்டிப் போனோம். இருட்டோடு பஸ் கிளம்பியது. சேலத்தில் குளிரும் புகையுமாக இருந்தது. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். சில வளைவுகள் ஏறியதும் சட்டென்று வானம் வெளுத்தது. பஸ் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது போல இருந்தது.

லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தோம். சேலம் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு விரிப்பு மட்டும் தெரிந்தது. அதன் மேல் கஞ்சமலையும் ஜருகுமலையும் தீவுகள் மாதிரி நின்றன. விரிப்பின் மேல்விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது. கோட்டுக்குக் கீழே அழுக்கு, கோட்டுக்கு மேலே நீலம்.

ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "சார், அந்தக் கோடு எத்தனை ஒசரத்துல இருக்குங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "எங்கம்மா அதுக்குள்ளதானுங்களே இருக்காங்க" என்றாள்.

அவள் அம்மாவுக்கு இழுப்பு. வீட்டை ஒட்டிச் செங்கல் சூளை. மார்கழி, தை விடியற்காலைகளில் மூச்சுவிட முடியாமல் திண்ணையில் குனிந்து உட்கார்ந்திருப்பார் என்று முன்பே சொல்லியிருந்தாள். நான் சொன்ன பதில்: "அது பனிப்புகைம்மா. வெயில் ஏறினா கலைஞ்சுடும். போய் இட்லி சாப்பிடு."

பௌதிக ஆசிரியன் நான். கேள்வி பௌதிகக் கேள்வி. எத்தனை உயரம் என்று கேட்டவளிடம் இட்லி சாப்பிடச் சொன்னேன்.

போன ஐப்பசியில் அவளிடமிருந்து போன் வந்தது. அம்மா தவறிவிட்டார் என்றாள். துக்கம் விசாரித்த பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சார், அந்தக் கோடு எத்தனை ஒசரம்னு நீங்க சொல்லவே இல்லைங்களே?" அவள் குற்றம் சாட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து படித்ததை அவளுக்குச் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோடு என்ன என்று பார்ப்போம். தரையின் சூடும் குளிரும் நேரடியாகத் தொடுகிற காற்றின் அடிப்பகுதிக்கு வளிமண்டல எல்லை அடுக்கு என்று பெயர். பகலில் வெயில் தரையைச் சுடுகிறது, தரை காற்றைச் சுடுகிறது. சூடான காற்று குமிழ் குமிழாக எழும்புகிறது. பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு மேலே போவது இந்தக் குமிழ்களின் மேல் ஏறித்தான். குமிழ்கள் எட்டும் உச்சிதான் அன்றைய கூரை. நம் பக்கம் பகலில் அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். சித்திரை வெயிலில் இன்னும் மேலே போகும்.

இரவில் கதை தலைகீழ். தெளிந்த வானமும் அசையாத காற்றும் இருந்தால் தரை வேகமாகக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்று முதலில் குளிர்கிறது, மேலே இருக்கும் காற்று சூடாகவே நிற்கிறது. கனமான குளிர்காற்று கீழே, லேசான வெப்பக்காற்று மேலே என்று ஆகிவிட்டால் எதுவும் புரண்டு கலக்காது. இதை வெப்பத் தலைகீழ் என்கிறோம். கூரை நூறு, இருநூறு மீட்டருக்கு இறங்கிவிடும். விடியற்காலையில் சூளைப்புகை நேராக எழும்பி, ஓரிடத்தில் எதிலோ முட்டியது போலப் படுக்கையாகப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். அது முட்டியது இந்தக் கூரையில்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரே அளவு புகை. மதியம் கூரை 1,500 மீட்டர், விடியற்காலை 150 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீடு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் புகை பத்து மடங்கு. சூளை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூரைதான் இறங்கியது.

இது வெறும் கரும்பலகைக் கணக்கு இல்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் இந்தக் கூரை இறங்கி அப்படியே நின்றுவிட்டது. வீட்டு அடுப்புகளின் நிலக்கரிப் புகை அதன் கீழேயே தேங்கி ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. நம் நாட்டிலும் 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டி போபாலில் விஷவாயு கசிந்தபோது குளிர்ந்த இரவு, காற்றோட்டம் குறைவு. வாயு மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களிடம் போனது. உச்சி வெயிலில் கசிந்திருந்தால் சேதமே இருந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் அதைப் பெரிதாக்கியது.

ஆக, கூரையின் உயரம் தெரிந்தாக வேண்டும். எப்படி அளப்பது? காற்றுக்கு மேல் காற்று, கண்ணாடிக்கு மேல் கண்ணாடி வைத்தது போல. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வரலாறுதான் எனக்குப் பிடித்த பகுதி.

மனிதன் முதலில் செய்தது கருவியை மேலே அனுப்புவது. 1749-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் அலெக்சாண்டர் வில்சனும் தாமஸ் மெல்வில்லும் பட்டத்தில் தெர்மாமீட்டரைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். பிறகு பலூன் வந்தது. 1929-ல் பிரான்சில் ராபர்ட் ப்யூரோ, மேலே போகும் பலூனிலிருந்து ரேடியோ வழியாகவே அளவுகள் கீழே வந்து சேரும்படி செய்தார். அதுதான் ரேடியோசோண்ட்.

அதே 1929-ல் நம்மவர் ஒருவர் பெயரும் வருகிறது. பாலக்காடு கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன், சர் சி. வி. ராமனின் மாணவர். இந்திய வானிலைத் துறையில் இருந்தபோது பலூன் அளவுகளைச் சேர்த்து ஆராய்ந்து, உயரத்தில் மிகக் குளிர்ந்த காற்று துருவத்துக்கு மேல் இல்லை, பூமத்திய ரேகைக்கு மேல்தான், ஏறக்குறைய 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். இன்னொரு பாலக்காட்டுக்காரர் எல். ஏ. ராமதாஸ் கீழே குனிந்து பார்த்தார். தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது தரைக்குச் சற்று மேலே, ஒரு சாண், ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது என்று அவரும் ஆத்மநாதனும் 1932-ல் எழுதினார்கள். வெளிநாட்டில் பல ஆண்டுகள் நம்பவில்லை. இன்று அதற்கு ராமதாஸ் அடுக்கு என்றே பெயர். ஒருவர் 17 கிலோமீட்டரில், மற்றவர் முழங்கால் உயரத்தில். நம் மாணவி கேட்ட கோடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பலூன் இருக்கும்போது வேறு கருவி எதற்கு என்று கேட்பீர்கள். உலகம் முழுவதும் பலூனை ஒரே நேரத்தில் விடுவது வழக்கம். நம் கடிகாரப்படி அது காலை 5.30, மாலை 5.30. சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் இதே கணக்குத்தான். காலை 5.30-க்குக் கூரை இன்னும் எழவே இல்லை. மாலை 5.30-க்கு வெயில் சாய்ந்து குமிழ்கள் ஓயத் தொடங்கிவிடும். நடுவில் கூரை எப்போது எழுந்தது, மதியம் எங்கே நின்றது என்பது பலூனுக்குத் தெரியாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மட்டும் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் நாளெல்லாம் என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியுமா?

அதனால் தரையில் உட்கார்ந்தபடியே நாள் முழுக்க மேலே பார்க்கும் கருவிகள் தேவைப்பட்டன. தொடாமல் அளப்பது. இதில் மூன்று வகை முக்கியம்: சத்தம், ரேடியோ அலை, ஒளி.

முதலில் சத்தம். மார்கழி விடியலில் எங்கோ தூரத்துக் கோயில் ஸ்பீக்கரும் ஜங்ஷன் ரயிலின் ஊதலும் பக்கத்தில் கேட்பது போல இருக்குமே, அந்தக் காற்றடுக்கு சத்தத்தைக் கீழ்நோக்கி வளைப்பதால்தான். காற்றின் வெப்ப ஏற்றத்தாழ்வு சத்தத்தை வளைக்கும், கொஞ்சம் திருப்பியும் அனுப்பும். 1873-74-ல் ஜான் டிண்டால் இங்கிலாந்துக் கடற்கரையில் கப்பல்களுக்கான எச்சரிக்கை ஊதல்களைச் சோதித்தபோது, தெளிந்த காற்றிலிருந்தே எதிரொலி வருவதைக் கவனித்தார். 1946-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கில்மனும் நண்பர்களும், 1968-ல் ஆஸ்திரேலியாவில் மெக்கலிஸ்டரும் அதைக் கருவியாக்கினார்கள். பெயர் சோடார். வானத்தை நோக்கி 'பீப்' என்று ஒரு சத்தம் அனுப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். சத்தத்தின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். ஒரு வினாடியில் எதிரொலி வந்தால் அடுக்கு 170 மீட்டரில் இருக்கிறது. போக 170, வர 170. அவ்வளவுதான் கணக்கு. தாழ்ந்த இரவுக் கூரைக்கு ஏற்ற கருவி.

டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் 1970-களிலேயே சோடார் செய்து பார்த்தது. 1990-ல் பருவமழைத் தாழ்வுப் பள்ளத்தின் எல்லை அடுக்கை ஆராய ஜோத்பூர், டெல்லி, வாரணாசி, கரக்பூர் ஆகிய நான்கு ஊர்களில் 30 மீட்டர் கோபுரங்கள் நிறுத்தினார்கள். கரக்பூரில் சோடாரும் இருந்தது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் சோடார் வைத்து, கடற்காற்று உள்ளே வரும்போது தனியாக உருவாகும் தாழ்ந்த அடுக்கை அளந்தார்கள். அணு நிலையம் இருக்கும் ஊரில் இது ஏன் தேவை என்று போபாலைப் படித்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ரேடியோ அலை. நம்மில் பலர் திருப்பதிக்குப் போகும்போது சித்தூர் தாண்டி காதங்கி என்ற ஊரைக் கடந்திருப்போம். நானும் பலமுறை கடந்திருக்கிறேன், முடி இறக்கும் யோசனையோடு. அங்கே ஒரு வயல் நிறைய ஆண்டெனா நட்டிருக்கிறார்கள். எம்.எஸ்.டி. ரேடார் என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் வந்தது. பழைய தூர்தர்ஷன் ஆண்டெனா மாதிரி 1,024 யாகி ஆண்டெனாக்கள், 53 மெகாஹெர்ட்ஸ். இன்று அந்த நிறுவனத்தின் பெயர் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம். மலைகள் சூழ்ந்த வறண்ட ஊர், கடல் மட்டத்திலிருந்து 375 மீட்டர். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர். நிலமும் வெயிலும் நம் ஊர் மாதிரியே. அதனால்தான் அங்கே கிடைத்த அளவுகளை நமக்கு நெருங்கிய கணக்காக எடுத்துக்கொள்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அத்தனை பெரிய ரேடாருக்கு மேலே இருப்பது தெரியும், தரைக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. தாத்தாவுக்குத் தூரத்து பஸ் போர்டு தெரியும், கையிலிருக்கும் பேப்பர் தெரியாதே, அது மாதிரி. அதனால் 1997-ல் ஜப்பானிய ஆய்வகம் ஒன்றின் துணையோடு, கீழ்க்காற்றைப் பார்ப்பதற்கென்றே சின்ன ரேடார் ஒன்றை வைத்தார்கள். விண்ட் புரொஃபைலர் என்பார்கள். அதன் அலைநீளம் சுமார் 22 சென்டிமீட்டர். அதில் பாதியான 11 சென்டிமீட்டர் அளவில் காற்றில் ஏற்படும் சுழிகள் அலையைத் திருப்பி அனுப்பும். கீழே ஈரக்காற்று, மேலே வறண்ட காற்று, இரண்டும் உரசும் கூரையில் எதிரொலி பலமாக வரும். காலை எட்டு, ஒன்பது மணிக்குத் தாழ்வாகத் தொடங்கும் அந்தப் பட்டை, மதியத்தை நோக்கி மேலே ஏறிக்கொண்டே போவது திரையில் தெரியும். கோடை நாட்களில் இரண்டு கிலோமீட்டரையும் தாண்டும், தரை ஈரமான மழை மாதங்களில் தாழ்ந்துவிடும்.

மூன்றாவது ஒளி. 1960-ல் லேசர் வந்தது. 1963-லேயே அமெரிக்காவில் ஃபியோக்கோ, ஸ்மல்லின் இருவரும் லேசரை வானத்தில் பாய்ச்சித் திரும்பிய ஒளியைப் பிடித்தார்கள். இதுதான் லைடார். காதங்கியில் 1998-ல் பச்சை லேசர் லைடார் வந்தது. பிறகு எல்லை அடுக்குக்கென்றே சின்ன லைடாரை அங்கேயே செய்தார்கள். ஒளி ஒன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு வினாடியின் லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகும். தூசி இருக்கும் வரை ஒளி நிறையத் திரும்பும். தூசி முடிந்த இடத்தில் சட்டென்று குறையும். எங்கே மிக வேகமாகக் குறைகிறதோ அங்கே ஒரு கோடு போட்டு, அதுதான் கூரை என்பார்கள்.

இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். லேடீஸ் சீட்டில் அந்தப் பெண் செய்தது இதே வேலைதான். அழுக்கு எங்கே சட்டென்று முடிகிறது என்று பார்த்து, அது எத்தனை உயரம் என்று கேட்டாள். லைடாரும் அதையேதான் கேட்கிறது. அவளிடம் லேசர் இல்லை, பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம் விடையும் இல்லை.

கருவிகள் இருந்தும் விடை ஒன்றாக வருவதில்லை. பலூன் வெப்பம் மாறும் இடத்தைச் சொல்லும், ரேடார் ஈரம் மாறும் இடத்தை, லைடார் தூசி முடியும் இடத்தை. நல்ல வெயில் மதியத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தைக் காட்டும். இரவில் மாறும். மாலையில் குமிழ்கள் ஓய்ந்த பிறகும் பகலில் ஏறிய தூசி மேலேயே மிதந்துகொண்டிருக்கும். லைடார் அதைப் பார்த்துக் கூரை இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது என்று ஏமாறும். உண்மையான கூரையோ கீழே, சூளைப்புகையை அமுக்கிக்கொண்டு இருக்கும். அதனால் ஒரே கருவியை நம்பாமல் இரண்டு, மூன்றை ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். சாட்சிகள் மாறுபட்டால், யார் எதைப் பார்த்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். பஞ்சாயத்துக்கும் அதே விதி, பௌதிகத்துக்கும் அதே விதி.

சரி, அம்மிணி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தக் கோட்டுக்கு ஒரே உயரம் கிடையாது. அது நாளுக்கு ஒரு முறை மூச்சு விடுகிறது. நாம் ஏற்காட்டில் நின்றது சேலத்துக்கு மேலே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில். பஸ் சில வளைவுகளிலேயே கோட்டைத் தாண்டிவிட்டது. ஆகவே அன்று காலை அது நம் காலுக்கு வெகு கீழே, சில நூறு மீட்டரில்தான் இருந்திருக்க வேண்டும். மதியத்துக்குள் அது மேலே ஏறியிருக்கும். உன் அம்மாவுக்கு விடியற்காலையில் மட்டும் மூச்சு முட்டியதற்குக் குளிர் ஒரு காரணம். குளிரோடு இந்தக் கூரையும் சேர்ந்துகொண்டது. நான் அன்றே சொல்லியிருந்தால் சூளை நின்றிருக்காது. ஆனால் வெயில் ஏறும் வரை அம்மாவைச் சூளைப்பக்கத் திண்ணையில் உட்காரவிடாமல் உள்ளே இருக்கச் சொல்லியிருப்பாய். அந்த ஒரு யோசனையை நான் கொடுக்கத் தவறிவிட்டேன். மன்னித்துக்கொள்.

இப்போது போகிக்கு வருகிறேன். ஆண்டிலேயே கூரை மிகத் தாழ்ந்து நிற்கும் நாட்கள் மார்கழிக் கடைசி. நாளிலேயே அது மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம் விடியலுக்கு முன். சரியாக அந்த நாளில், அந்த நேரத்தில், பழைய பாயையும் டயரையும் பிளாஸ்டிக்கையும் ஊர் மொத்தமும் கொளுத்துகிறோம். 2018 ஜனவரி 13-ஆம் தேதி போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும். விமானமாவது வேறு ஊருக்குப் போய்விடும். இழுப்புக்காரர் எங்கே போவார்?

பண்டிகையை விட வேண்டாம். வாசலில் கோலம் போடுங்கள், காப்புக் கட்டுங்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு பிடி வைக்கோல் போதும். டயரும் பிளாஸ்டிக்கும் எந்த நேரத்திலும் வேண்டாம். தோட்டத்துச் சருகைக் கொளுத்தாமல் மக்கவிடுங்கள். வீட்டில் மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர்களையும் குழந்தைகளையும் அன்று வெயில் ஏறும் வரை ஜன்னலைச் சாத்தி உள்ளேயே வைத்திருங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். வாத்தியார் புத்தி போகாது. பொங்கல் விடுமுறையில் ஏற்காடு போகிறவர்கள் விடியற்காலையில் ஏறுங்கள். எத்தனையாவது கொண்டை ஊசி வளைவில் வானம் வெளுக்கிறது என்று எண்ணுங்கள். ஓட்டுகிறவர் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் செல்போனில் கடல்மட்ட உயரத்தைப் பார்த்து அதிலிருந்து 280-ஐக் கழியுங்கள். அதுதான் அன்றைய சேலத்தின் கூரை. தேதியும் நேரமும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். 1988-ல் என்னிடம் ஓர் அளவு கூட இல்லை. இந்தத் தையிலாவது நாலைந்து சேரட்டும்.

முதல் அளவை எழுதப் போவது யார் என்று எனக்குத் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஞாயிறே ஏறப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

எல்லோருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் பழைய பௌதிக வாத்தியார்